பொருளியலா, ஏசிசிஏவா? சிட்டகாங் போக நினைக்கும் மகளுக்கு என்ன சொல்வது?

தன்லின் அம்மா
எல்லோருக்கும் வணக்கம். மகள் மெட்ரிக் தேறிவிட்டாள். வங்கதேசத்தின் சிட்டகாங்கில் உள்ள ஆசியப் பெண்கள் பல்கலைக்கழகத்தில் பொருளியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். 2008இல் தொடங்கிய லிபரல் ஆர்ட்ஸ் பல்கலைக்கழகம், அதாவது ஒரு துறையோடு நிற்காமல் பல துறைப் பாடங்களையும் சேர்த்துப் படிக்கும் இடம். பாடமெல்லாம் ஆங்கிலத்தில், பெரும்பாலான பிள்ளைகள் உதவித்தொகையில் படிக்கிறார்கள். என் தம்பியோ, ரங்கூனிலேயே எல்சிசிஐ கணக்குப்பதிவுச் சான்றிதழ் முடித்து, ஏசிசிஏ என்ற பிரிட்டிஷ் கணக்காளர் தேர்வு எழுதட்டும் என்கிறான். பொருளியலோடு தத்துவம், வரலாறு என்று கலந்து படித்தால் பிழைப்புக்கு ஆகுமா?

பாயின்னோங் பருப்புக்கடை
அக்கா, உங்கள் தம்பி சொல்வதுதான் சரி. ஏசிசிஏ என்றால் 13 தாள். பகலில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டே ஒவ்வொன்றாகத் தேறலாம். சிங்கப்பூர், துபாய் எங்கே போனாலும் செல்லும். லிபரல் ஆர்ட்ஸில் நாலு வருஷம் படித்தாலும் பொருளியல் பத்துப் பன்னிரண்டு பாடம்தான் வரும். மீதிக் காலம் வேறு எதிலோ போய்விடும். படித்துவிட்டு வரும் பெண்ணிடம் முதலாளி கேட்கப் போவது ஒன்றுதான்: என்ன வேலை தெரியும்?

மோல்மீன் செல்வி
அண்ணே, அந்த மாதிரிப் படிப்பில் பொருளியல் படித்தவள் நான். பருப்பு வியாபாரியான உங்களுக்கு 2017 ஆகஸ்ட் மறந்திருக்காது. துவரை வருஷத்துக்கு 2 லட்சம் டன்தான், உளுந்தும் பாசிப்பயறும் சேர்த்து 3 லட்சம் டன்தான் என்று இந்தியா இறக்குமதிக்கு வரம்பு போட்டது. இங்கே துவரை விலை அதலபாதாளத்துக்குப் போனது. பர்மாக்காரர் துவரையை அவ்வளவாகச் சாப்பிடுவதில்லை, இந்தியா வாங்கும் என்று நம்பித்தான் விதைக்கிறார்கள். அந்த வருஷம் கணக்குப் புத்தகம் உங்களுக்கு நஷ்டத்தைக் காட்டியிருக்கும். ஏன் வந்தது என்று காட்டியிருக்காது.

2015இல் இந்தியாவில் பருப்பு விலை எகிறியது. அதைப் பார்த்து அங்கேயும் விதைத்தார்கள், இங்கேயும் விதைத்தார்கள். மறு வருஷம் அங்கே விளைச்சல் கொட்டியது, அவர்கள் விவசாயியைக் காப்பாற்ற டெல்லி கதவைச் சாத்தியது. போன பருவத்து விலையைப் பார்த்து எல்லோரும் விதைத்தால் அடுத்த பருவம் விலை சரியும் என்பது பொருளியலின் அடிப்படைப் பாடம். கதவை ஏன் சாத்துகிறார்கள் என்பது அரசியல் பாடம். இரண்டையும் ஒரே இடத்தில் படிக்க வேண்டும் என்றுதான் அந்தப் பெண் ஆசைப்படுகிறாள். அது வேறு எதிலோ போகும் காலமில்லை அண்ணே.

பாயின்னோங் பருப்புக்கடை
தங்கச்சி, காரணம் எங்களுக்கும் தெரியும். சென்னைத் தரகர் போனிலேயே சொல்லிவிட்டார். தெரிந்து என்ன பண்ண முடிந்தது? குடோனில் மூட்டை அடுக்கியபடி கிடந்தது, தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் ஒரே நஷ்டம்.

1987 செப்டம்பரில் நம் பர்மாவில் 25, 35, 75 கியாட் நோட்டு செல்லாது என்று ஒரே நாளில் அறிவித்தார்கள். மாற்றித் தரவும் இல்லை. நாட்டில் பொருளியல் தெரிந்தவர்கள் இல்லாமலா போனார்கள்? ரங்கூன் பல்கலைக்கழக ரெக்டராக இருந்த பொருளியல் அறிஞர் ஹ்லா மியின்ட்டே கடைசியில் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில்தான் பாடம் நடத்தினார். சொன்னால் கேட்கிற ஆள் இல்லாத இடத்தில் இந்தப் படிப்பை வைத்து என்ன செய்வது? ஆற்றாமையில்தான் கேட்கிறேன்.

டெல்டா பேரன்
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். ஹ்லா மியின்ட் எழுதியதே நம் முன்னோர் கதைதான். சும்மா கிடந்த ஐராவதி டெல்டா நிலமும் உழைப்பும் அரிசி ஏற்றுமதியால் எப்படி உபயோகத்துக்கு வந்தது என்று விளக்கியவர் அவர். கேட்க ஆள் இல்லை என்று அவர் எழுதாமல் விட்டிருந்தால் நமக்கு அதுவும் இருந்திருக்காது.

இன்னொன்று. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் வட்டிக்குக் கடன் கொடுத்த நம் செட்டியார்கள் கையில் 6 சதவீத நிலம்தான் இருந்தது. 1938இல் 25 சதவீதம். நிலத்துக்கு ஆசைப்பட்டு வந்ததில்லை. நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, அடமான நிலம் வந்து சேர்ந்தது. ஆனால் ஊர்க்கண்ணுக்கு நாம் நிலம் பிடுங்கியவர்களாகிப் போனோம். வட்டிக்கணக்கில் நம்மவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. அந்தக் கணக்கு ஒன்றே போதும் என்றால் இந்தப் பகை ஏன் வந்தது என்று இன்றுவரை நமக்குப் புரியப்போவதில்லை. அதற்கு வரலாறும் பொருளியலும் சேர்த்துப் படித்த பிள்ளைகள் நம்மில் வேண்டும்.

தன்லின் அம்மா
படிக்கப் படிக்க மனசு கனக்கிறது. ஆனால் வேலை?

மோல்மீன் செல்வி
அக்கா, அண்ணன் பயப்படுவதில் ஒரு பாதி நியாயம். லிபரல் ஆர்ட்ஸில் பாடத்தை நாமே பொறுக்குவதால் கஷ்டமானதை ஒதுக்கிவிட்டும் பட்டம் வாங்கிவிடலாம். மகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: கால்குலஸ், லீனியர் அல்ஜீப்ரா, புள்ளியியல், தரவை வைத்துப் பொருளியலை அளக்கும் எகனாமெட்ரிக்ஸ், இந்த நாலையும் விடக்கூடாது. இவை இல்லாமல் வெளிநாட்டில் எம்.ஏ. கேட்டால் இடம் கிடைப்பது கஷ்டம். இவை இருந்தால் வங்கியோ, ஆய்வு நிறுவனமோ, தரவு வேலையோ தேடலாம். ஆங்கிலம் பத்தாவிட்டால் ஆயத்த வகுப்பும் உண்டு.

பாயின்னோங் பருப்புக்கடை
அந்த நாலோடு அக்கவுன்டிங் பாடமும் எடுக்க விடுவார்களா என்று எழுதிக் கேளுங்கள் அக்கா. உதவித்தொகையில் விமான டிக்கெட்டும் விடுதியும் அடக்கமா என்பதையும் காகிதத்தில் வாங்கிவிடுங்கள். இரண்டுக்கும் பதில் வரும்வரை நான் ஏசிசிஏ பக்கம்தான்.