அம்மாவோடு நாலு நாள் நடக்க ஜி.ஆர். 65 பாதையில் எந்தப் பகுதி நல்லது?

மார்ன்கரை:
வணக்கம். மே மாதக் கடைசியில் நாலு நாள் விடுமுறை சேர்ந்தாற்போல் கிடைக்கிறது. பிரான்ஸ் வழியாக ஸ்பெயினின் சந்தியாகோவுக்குப் போகும் பழைய யாத்திரைப் பாதையில் (அதுதான் ஜி.ஆர். 65 என்ற நடைபாதை) கொஞ்ச தூரமாவது நடந்து பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. அவருக்கு 63 வயது. தினமும் காலையில் ஆற்றங்கரையில் நடப்பவர், அதனால் தூரம் பெரிய விஷயமில்லை. இறக்கத்தில்தான் முழங்கால் வலிக்கும். நாங்கள் விசாரித்தவர்கள் எல்லாரும் பாதை ஆரம்பிக்கும் ஊரான லு புய்யிலிருந்து தொடங்கச் சொல்கிறார்கள். எங்களிடம் கார் இல்லை, பாரிஸிலிருந்து ரயிலில்தான் வர வேண்டும். இருவரும் சைவம். நடந்தவர்கள் சொல்லுங்களேன்.

காலைநடை:
நஸ்பினாலிலிருந்து சேன் ஷெலி தோப்ராக் வரை நடங்கள். 17 கிலோமீட்டர்தான், யுனெஸ்கோ பட்டியலில் உள்ள துண்டு. ஓப்ராக் மேட்டுநிலம் மாதிரி ஓர் இடத்தை பிரான்ஸில் வேறெங்கும் பார்க்க முடியாது. கண்ணுக்கெட்டிய வரை புல்வெளி, கல் வேலி, மாடுகள். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் சேர்த்துக் கிண்டும் அலிகோ கிடைக்கும், சைவத்துக்கும் கவலையில்லை.

துலூஸ்நடையர்:
ஓப்ராக் அழகுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் முழங்கால் வலி என்று சொல்லியிருக்கிறாரே. ஓப்ராக் கிராமம் 1,300 மீட்டர் உயரத்தில், சேன் ஷெலி 800 மீட்டரில். எட்டு கிலோமீட்டருக்குள் அவ்வளவும் இறங்க வேண்டும், அதுவும் கல்லும் வேருமான பாதையில். போதாக்குறைக்கு மே 25-ஐ ஒட்டிய வார இறுதியில் அங்கே மாடுகளை அலங்கரித்து மலைக்கு ஓட்டிப்போகும் திருவிழா. அந்தச் சமயத்தில் தங்க இடம் கிடைப்பது கஷ்டம்.

என் பதில் லெக்தூர் முதல் கோந்தோம் வரை. இதுவும் அதே ஜி.ஆர். 65, இதுவும் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள துண்டு, 35 கிலோமீட்டர். நடுவில் லா ரொமியூவில் ஓர் இரவு தங்கினால் முதல் நாள் ஏறக்குறைய 19, மறுநாள் 16. துலூஸிலிருந்து பக்கம் என்பதால் இந்த ஜெர்ஸ் பகுதியில் நான் எல்லாப் பருவத்திலும் நடக்கிறேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு வேறு எதையும் சொல்ல எனக்கு மனம் வராது.

நிலத்தின் அமைப்பைத் தெரிந்துகொண்டு போனால் நடை சுலபமாகும். பிரான்ஸின் தெற்கு எல்லையில் உள்ள பிரனே மலையடியில் லான்மெசான் மேட்டுநிலம் இருக்கிறது. அங்கிருந்து ஆறுகள் விசிறிபோல் வடக்கே பிரிந்து வருகின்றன: ஆரா, ஜெர்ஸ், பைஸ், ஓஸ். நம் பாதை கிழக்கிலிருந்து மேற்கே போவதால் ஒவ்வோர் ஆற்றுக்கும் இறங்கி, கடந்து, மறுபடி ஏற வேண்டும். உயரம் அதிகமில்லை, ஆனால் ஏற்ற இறக்கம் ஓயாது. இந்தப் பள்ளத்தாக்குகளில் பொதுவாகக் கிழக்குப் பக்கச் சரிவு செங்குத்து, மேற்குப் பக்கச் சரிவு சாய்வு குறைந்தது. அதாவது மேற்கே நடக்கிறவர்களுக்கு ஏற்றம் லேசு, இறக்கம்தான் குறுகிச் சட்டென்று வரும். லெக்தூர் ஊரை விட்டு ஜெர்ஸ் ஆற்றுக்கு இறங்கும்போதே அது தெரிந்துவிடும். அம்மாவுக்கு இரண்டு கைத்தடியும் கட்டாயம் வாங்குங்கள், ஒன்று போதாது.

லெக்தூரை அவசரமாகக் கடக்க வேண்டாம். வானம் தெளிவாக இருந்தால் தெற்கே பிரனே முழு வரிசையாகத் தெரியும். அருங்காட்சியகத்தில் காளைப் பலிக்கான ரோமானியப் பலிபீடக் கற்கள் இருக்கின்றன. எழுத்து இன்னும் படிக்கும்படி இருக்கிறது.

லா ரொமியூவில் 14-ஆம் நூற்றாண்டுக் கோயில் ஒன்று இருக்கிறது. போப் ஐந்தாம் கிளெமெந்தின் உறவினரான கர்தினால் ஆர்னோ தோ கட்டியது. கோபுரம் ஏறலாம். அம்மாவால் ஏற முடியாவிட்டால் திருவுடை அறையின் சுவரோவியங்களை நின்று பார்க்கட்டும், அவையே போதும். வெளியே வந்து சதுக்கத்து வீடுகளின் சன்னல் விளிம்புகளைப் பாருங்கள், கல் பூனைகள் உட்கார்ந்திருக்கும். 1340-களின் பஞ்சத்தில் ஊரார் பூனைகளையெல்லாம் தின்றுவிட, ஆஞ்செலின் என்ற பெண் மட்டும் இரண்டை ஒளித்து வளர்த்தாளாம். பிறகு எலிகள் பெருகி விளைச்சலைத் தின்னத் தொடங்கியபோது அவளுடைய பூனைகள்தான் ஊரைக் காப்பாற்றின என்பது கதை. கல் பூனைகள் நம் காலத்தில் வைத்தவை.

வழி தவறாது. மேலே வெள்ளை, கீழே சிவப்பு என்று இரண்டு கோடு இருந்தால் சரியான பாதை. அதே நிறங்களில் பெருக்கல் குறி இருந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பாரிஸின் மொம்பர்னாஸ் நிலையத்திலிருந்து ஆஜான் வரை அதிவேக ரயில், மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கிருந்து ஓஷ் போகும் பேருந்து லெக்தூரில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை பேருந்து மிகக் குறைவு, அதனால் திரும்பும் நாள் வேலை நாளாக இருக்கட்டும்.

கடைசி நாளைக் கோந்தோமிலிருந்து லாரெசாங்கலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஐந்தாறு கிலோமீட்டர்தான். சுற்றிலும் மதில், உள்ளே ஒரு கோயில், கொஞ்சம் வீடுகள். அவ்வளவு சிறிய கோட்டைக் கிராமம். இன்னும் கொஞ்சம் நடந்தால் ஆர்த்திக் பாலம். யாத்திரிகர்களுக்காகக் கட்டிய பழைய கல் பாலம், இதுவும் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது.

கீரைக்கட்டு:
சாப்பாடு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஜெர்ஸ் என்றாலே வாத்துதான். காய்கறி சூப் என்று கொடுப்பதில்கூட வாத்துக் கொழுப்பு இருக்கும். நடைவழி விடுதிகளில் இரவுச் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் பதிவு செய்வார்கள், அப்போதே ‘இறைச்சி, மீன், வாத்துக் கொழுப்பு வேண்டாம்’ என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வெறுமனே சைவம் என்றால் மீன் வந்துவிடும். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள், ஆம்லெட்டாவது கிடைக்கும். மதியத்தில் சின்ன ஊர்க் கடைகள் மூடிவிடும், திங்களன்று பல கடைகள் திறப்பதே இல்லை. காலையில் ரொட்டிக்கடையைப் பார்த்தவுடன் மதியத்துக்கும் சேர்த்து வாங்கிவிடுங்கள். தண்ணீருக்கு ஊர்க் கல்லறைத் தோட்டத்துக் குழாயைப் பாருங்கள், ‘குடிநீர்’ என்று எழுதியிருந்தால் பிடித்துக்கொள்ளலாம்.

மார்ன்கரை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. லெக்தூர் என்றே முடிவு செய்துவிட்டோம், அம்மாவுக்குப் பூனைக் கதை பிடித்துப்போய்விட்டது. முட்டை சாப்பிடுவோம். இன்னும் ஒரு கேள்வி: மழை பெய்தால் என்ன செய்வது?

துலூஸ்நடையர்:
நல்ல கேள்வி. அங்கே களிமண். காய்ந்திருந்தால் சிமென்ட் தரை போல இருக்கும், ஒரு நாள் நன்றாக மழை பெய்துவிட்டால் ஒவ்வோர் அடிக்கும் ஒரு பிடி மண் செருப்படியில் ஏறும். பத்து அடியில் கால் கனத்துவிடும், இறக்கத்தில் வழுக்கும். அம்மாவுக்கு அது வேண்டாம். மழை பெய்த மறுநாள் வயலோரப் பாதையை விட்டுவிட்டு, இணையாகப் போகும் சின்னத் தார்ச்சாலைகளைப் பிடியுங்கள். அவற்றில் வண்டி குறைவு, தூரமும் பெரிதாகக் கூடாது. பாதையின் வரைபடத்தை முன்கூட்டியே கைபேசியில் இறக்கி வைத்துக்கொண்டால் எங்கே மாறுவது என்று பார்த்துக்கொள்ளலாம். பைகளை அடுத்த விடுதியில் கொண்டு சேர்க்கும் வண்டிகள் இந்தப் பாதையில் உண்டு, முந்தின நாள் மாலைக்குள் சொல்லிவிட வேண்டும். முழங்காலுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. லா ரொமியூ விடுதியை மட்டும் இந்த வாரமே பதிவு செய்துவிடுங்கள். ஊர் சிறியது, மே மாதத்தில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும்.