கூட்டல் சரி, வாக்கியக் கணக்கு தப்பு: ஏன்?

கேள்வி: மூன்றாம் வகுப்புப் பிள்ளை. 27+15 உடனே போடுகிறாள். அதையே வாக்கியமாகக் கொடுத்தால் திணறுகிறாள். எதைப் பார்ப்பது?

பதில் 1: கணக்கை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். அப்போது விடை சரியாக வந்தால் கோளாறு வாசிப்பில்தான். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்குக் கடைசிச் சொல் வருவதற்குள் முதல் சொல் மறந்துபோகும். தினமும் 10 நிமிடம் சத்தமாக வாசிக்க வையுங்கள், ஒரே பத்தியை மூன்று முறை.

பதில் 2: ‘விட’ என்ற சொல்லையும் கவனிங்க. “ரவியிடம் 8 பென்சில்; அது மாலாவிடம் இருப்பதைவிட 3 அதிகம். மாலாவிடம் எத்தனை?” பல பிள்ளைகள் 11 என்பார்கள். விடை 5. ‘அதிகம்னா கூட்டு’ என்று குறுக்குவழி சொல்லிக்கொடுத்த வினை! ரவிக்கு ஒன்று, மாலாவுக்கு ஒன்று என இரண்டு பட்டைகள் (நீளக் கட்டங்கள்) வரையச் சொல்லுங்க, நீளமானது யாருடையது என்று தெரிந்துவிடும்.

பதில் 3: கரும்பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறாளா? அப்படியென்றால் முதலில் கண் பரிசோதனை. தூக்கமும் 9 மணி நேரத்துக்குக் குறையக்கூடாது.