பிளாங்கோ டெக்கீலாவில் நெடி மட்டும்தான் வருகிறது. தப்பு எங்கே?

புதுக்குடிகாரன்:
வேலைக்காக மெக்சிகோவின் குவாதலஹாரா வந்து எட்டு மாதம் ஆகிறது. இந்த ஊர் நண்பர் ஒருவர் பிளாங்கோ (பீப்பாயில் நாள்பட வைக்காத டெக்கீலா) பாட்டில் ஒன்று கொடுத்து, "உப்பு, எலுமிச்சை எதுவும் வேண்டாம், மெல்ல உறிஞ்சு, வெந்த அகாவே தெரியும்" என்றார் (டெக்கீலா காய்ச்சுவது அகாவே என்ற கற்றாழை மாதிரிச் செடியில்). மூன்று நாளாகப் பார்க்கிறேன். மூக்கில் நெயில் பாலிஷ் ரிமூவர் நெடி, தொண்டையில் எரிச்சல், வேறொன்றும் இல்லை. பாட்டில் ஃப்ரீசரில் இருக்கிறது. சின்ன ஷாட் கிளாஸில் விளிம்பு வரை ஊற்றுகிறேன். லேபிளில் '100% அகாவே' என்றும் ஆல்கஹால் 38 சதவீதம் என்றும் இருக்கிறது. கெட்டது பாட்டிலா, என் நாக்கா?

மலைக்காற்று:
இரண்டுமே இல்லை, ஃப்ரீசரும் கிளாஸும்தான். அவ்வளவு குளிரில் வாசனை எழும்பாது. விளிம்பு வரை ஊற்றினால் ஆல்கஹால் நேராக மூக்கில் அடிக்கும்.

100% என்று இருப்பது நல்லது. வெறும் 'டெக்கீலா' என்றிருந்தால் நொதிக்கும் சர்க்கரையில் 49 சதவீதம் வரை கரும்பு போன்ற வேறொன்றிலிருந்து வந்திருக்கலாம்.

பாட்டிலை வெளியே எடுத்து வையுங்கள். ஒயின் கிளாஸில் 30 மில்லி ஊற்றிக் கால் மணி நேரம் விடுங்கள். மூக்கை உள்ளே நுழைக்காமல் விளிம்பருகே, வாயைக் கொஞ்சம் திறந்தபடி முகருங்கள். முதல் மிடறு வாய் பழகுவதற்கு, அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இரண்டாவதை விழுங்கியதும் மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். பாதி ருசி அங்கேதான் இருக்கிறது.

அடுப்படி:
ஷாட் கிளாஸைத் திட்டாதீர்கள் அண்ணே. இங்கே பெரியவர்கள் அதில்தான் குடிக்கிறார்கள், ஆனால் உறிஞ்சி. பக்கத்தில் சங்ரீதா இருக்கும் (ஆரஞ்சு, எலுமிச்சை, மிளகாய் சேர்ந்த சாறு, பலர் தக்காளியும் சேர்ப்பார்கள்). அதில் ஒரு வாய், இதில் ஒரு வாய்.

தம்பி, லேபிளில் NOM என்பதற்குப் பின்னால் நான்கு இலக்க எண் இருக்கும். எந்த ஆலை என்று அது சொல்லும். செங்கல் அடுப்பில் நிதானமாக வேகவைக்கிற ஆலையா, டிஃப்யூசரா என்று பாருங்கள். டிஃப்யூசரில் பச்சை அகாவேயை நீர் பாய்ச்சிச் சாறெடுத்த பிறகுதான் சூடு காட்டுவார்கள். அதில் வெந்த வாசம் மெலிவு. பிளாங்கோ மரப்பீப்பாயில் கிடந்து தேறுவதில்லை, இரண்டு மாதத்துக்குக் குறைவுதான் அனுமதி. ஆகவே அடுப்பில் விட்டது அப்படியே தெரியும். லோஸ் ஆல்தோஸ் மேட்டுச் சரக்கில் பழவாசம், தெக்கீலா ஊர்ப் பள்ளத்தாக்குச் சரக்கில் மண்வாசம் என்பார்கள். எனக்கு மண்ணைவிட அடுப்புதான் பெரிது.

புதுக்குடிகாரன்:
நேற்று அப்படியே செய்தேன். இரண்டாவது மிடறில் சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு! பின்னாலேயே மிளகு. ரிமூவர் நெடி முதலில் கொஞ்சம் வந்தது, பத்து நிமிடத்தில் போய்விட்டது.

மலைக்காற்று:
போய்விட்டால் கவலையில்லை. கடைசி வரை நின்றிருந்தால், வடிக்கும்போது முதலில் வரும் பகுதியைச் சரியாகக் கழிக்கவில்லை என்று சந்தேகப்படலாம்.

புதுக்குடிகாரன்:
NOM எண்ணைத் தேடினேன். ஆலை லோஸ் ஆல்தோஸ் மேட்டில் அரந்தாஸ் பக்கம், செங்கல் அடுப்பு. நன்றி. வாங்கி வைத்த எலுமிச்சை ஆறும் மிச்சம், ரசம் வைத்துவிட்டேன்.