அம்மப்பாவின் பேனை: புதுப்பிப்பு

மை இழுக்காத அம்மப்பாவின் பழைய கான்வே ஸ்டுவர்ட் (இங்கிலாந்துத் தயாரிப்பு) மைப் பேனையைப் பற்றி முன்பு கேட்டிருந்தேன். இப்போது எழுதுகிறது!

சந்தேகப்பட்டது போல உள்ளே இருந்த றப்பர்ப் பைதான். பேனையின் பக்கத்தில் உள்ள சிறு நெம்பைத் தூக்கினால் உள்ளிருக்கும் தகடு பையை அமுக்க வேண்டும்; நெம்பை விட்டதும் பை விரிந்து மையை இழுக்கும். ஆனால் பை கறுத்து இறுகி, தட்டியதும் கருகிய அப்பளம் மாதிரி நொறுங்கிக் கொட்டியது.

சுடுநீரில் ஊறவைக்கச் சொன்னவர்களுக்கு: தயவுசெய்து வேண்டாம். அந்தக் காலத்து கான்வே ஸ்டுவர்ட் பல, பாலிலிருந்து எடுக்கும் கேசீனால் செய்தவை. தண்ணீர் பட்டால் ஊதிவிடும். தலைமுடி உலர்த்தும் இயந்திரத்தைத் தள்ளிப் பிடித்து, இளஞ்சூட்டில் மெதுவாகத் திருகித்தான் கழுத்துப் பகுதியைக் கழற்றினேன்.

புதுப் பை வெளிநாட்டிலிருந்து தபாலில் வந்தது. பையைக் கழுத்துப் பகுதியில் ஒட்டுவதற்கு அரக்கு (ஷெல்லாக்) இங்கே கல்லடியிலேயே கிடைத்தது, தளபாடங்களுக்குப் பொலிஷ் போடும் அண்ணனிடம். சுப்பர் குளூ பூசாதீர்கள். அரக்கு என்றால் அடுத்த முறை சூடுகாட்டிக் கழற்றலாம். ஓர் இரவு காயவிட்டு, பைமேல் டல்க் மாவு தடவிச் செருகினேன்.

தங்க நிப்பில் கைவைக்கவில்லை. அம்மப்பாவின் கைச்சாய்வுக்குத் தேய்ந்த நிப் அது, அப்படியே இருக்கட்டும். அம்மாதான் முதலில் எழுதிப் பார்த்தா.