இருபதாம் வார ஸ்கேனில் "தலையில் நீர்க்கட்டி" என்று எழுதிக் கொடுத்தால்

எனக்கும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார்கள். இப்போது எட்டாம் மாதம், பிள்ளை நலமாக இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பவருக்கு முடிவு தெரியாமல் வேறு எதுவும் மனதில் ஏறாது.

கொழும்பில் ஒரு தனியார் நிலையத்தில்தான் ஸ்கேன். அதுவரை சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தவர், பிள்ளையின் தலைப் பக்கம் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தார். என்ன என்று கேட்டதற்கு, "உங்கள் வீ.ஓ.ஜி.யிடம் காட்டுங்கள்" என்பதோடு சரி. வீ.ஓ.ஜி. என்றால் மகப்பேற்று நிபுணர். வெளியே வந்து அறிக்கையைப் பிரித்தால், மூளையின் இடப்பக்கத்தில் கோராய்டு பிளெக்சஸ் நீர்க்கட்டி, 4 மில்லிமீற்றர் என்று இருந்தது. எங்கள் வைத்தியரோ விடுமுறையில். அடுத்த வாரம்தான் சனல் செய்யலாம், அதாவது பணம் கட்டி நேரம் எடுத்துப் பார்க்கலாம் என்றார்கள். ஒரு கர்ப்பிணியிடம் இப்படி ஒரு வரியைக் கொடுத்து, விளக்கிச் சொல்ல ஆளில்லாமல் வீட்டுக்கு அனுப்புவது பெரிய கொடுமை. இன்றைக்கும் எனக்கு அந்தக் கோபம் தீரவில்லை.

வெள்ளவத்தை வீட்டில் யாருக்கும் உறக்கமில்லை. இவர் இரவெல்லாம் கைப்பேசியில் தேடினார். தேடியதும் முன்னால் வந்து நிற்பது எட்வர்ட்ஸ் நோய்க்கூறு. 18ஆம் குரோமோசோம் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருப்பதால் வருவது. அப்படிப் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலானோர் ஒரு வயதை எட்டுவதில்லை. இங்கே கருக்கலைப்பு பற்றிய சட்டம் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் இருப்பதுதான். தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே அது இடம் கொடுக்கிறது. அப்படி ஏதும் என்றால் பிறகு என்ன செய்வது என்று நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்கவே இல்லை. அம்மா செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போய் மெழுகுதிரி ஏற்றினார். மாமி பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலில் நேர்த்தி வைத்தார். இரண்டு பேரும் என்னிடம் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. சோறு போடும்போது மட்டும் ஓர் அகப்பை கூடுதலாக விழும்.

எங்களை நிமிர்த்தி உட்கார வைத்தவர் மாநகர சபைக் கிளினிக்கின் மருத்துவிச்சி. எல்லோரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். அறிக்கையை வாங்கி, நீர்க்கட்டி என்ற வரியைத் தாண்டி மற்ற வரிகளை விரல் வைத்துப் படித்தார். இருதயத்தில் நான்கு அறைகள், சரி. முள்ளந்தண்டு, சரி. சிறுநீரகம் இரண்டும் சரி. இரைப்பை தெரிகிறது. "தங்கச்சி, இதைத் தவிர வேறு ஒன்றும் எழுதவில்லையே. இதற்கு மேல் நான் சொல்லக் கூடாது. கருவில் இருக்கும் பிள்ளையைப் பார்ப்பதற்கென்றே படித்த நிபுணர் ஒருவரிடம் இன்னொரு ஸ்கேன் எடுங்கள்" என்றார். நாங்கள் அந்த ஒரு வரியை மட்டுமே மனப்பாடம் செய்து வைத்திருந்தோம். மற்றப் பக்கங்களை யாரும் வாசிக்கவே இல்லை.

இரண்டாவது ஸ்கேன் நீண்ட நேரம் எடுத்தது. அந்த வைத்தியர் பார்க்கும் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனார். இருதயத்திலிருந்து புறப்படும் இரத்தக் குழாய்கள், மேல் உதடு, பாதங்கள், தொப்புள்கொடியில் இரண்டு நாடியும் ஒரு நாளமும். எல்லாம் முடிந்தும் விடவில்லை. பிள்ளையின் வலக்கை முகத்துக்குப் பக்கத்தில் பொத்தியபடி இருந்தது. அது விரிவதைப் பார்க்க வேண்டும் என்றார். என்னை ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். விரியவில்லை. எழுந்து நடந்துவிட்டு, ஏதாவது குடித்துவிட்டு வரச் சொன்னார். நடைபாதையில் நடந்த அந்த நேரத்தை நினைத்தால் இப்போதும் வயிறு இறுகுகிறது. திரும்பி வந்து படுத்ததும் கருவியை வைத்தார். முதலில் பெருவிரல் விலகியது. பிறகு மற்ற நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக நீண்டு, கை முழுதாக விரிந்தது. இவர் சத்தமாக எண்ணினார். வைத்தியர் படத்தை நிறுத்தி வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

ஏன் காத்திருந்தார் என்பதை அதன் பிறகுதான் விளக்கினார். எட்வர்ட்ஸ் உள்ள சிசுக்களில் பலருக்குக் கை இறுகப் பொத்தியே இருக்குமாம், சுட்டுவிரல் நடுவிரலின் மேல் ஏறிக் கிடக்குமாம். அநேகமாக இருதயத்திலோ வேறு உறுப்பிலோ குறையும் தெரியும். எட்வர்ட்ஸில் நீர்க்கட்டி மட்டும் தனியே வருவது அரிது. என் பிள்ளைக்கோ நீர்க்கட்டி மட்டும்தான். கோராய்டு பிளெக்சஸ் என்பது மூளையைச் சுற்றியுள்ள திரவத்தைச் சுரக்கும் இழையம். அதன் மடிப்புகளுக்குள் சிறிது திரவம் தங்கினால் ஸ்கேனில் நீர்க்கட்டியாகத் தெரிகிறது. இந்தப் பருவத்து ஸ்கேன்களில் நூற்றுக்கு ஒன்று இரண்டு சிசுக்களிடம் காணப்படுவதுதான். பெரும்பாலும் 28 வாரத்துக்குள் தானாகவே மறைந்துவிடும். மூளை வளர்ச்சியையோ அறிவையோ அது தொடாது.

பனிக்குடத்து நீரை ஊசியால் எடுத்துச் சோதிக்க வேண்டுமா என்று இவர் கேட்டார். 12ஆம் வார ஸ்கேனில் கழுத்தின் பின்பக்க நீர் அளவு குறைவாகவே இருந்தது, அது நல்ல அறிகுறி; என் வயதும் முப்பதுக்குள். அந்த ஊசியால் கரு கலையும் ஆபத்து சிறியது என்றாலும் இல்லாமல் இல்லை, உங்கள் விடயத்தில் நான் அதைச் சொல்ல மாட்டேன் என்றார். மனம் ஆறவில்லையென்றால் தாயின் இரத்தத்தை எடுத்துச் செய்யும் சோதனை இருக்கிறது என்றும் சொன்னார். நாங்கள் இரண்டும் வேண்டாம் என்று முடிவெடுத்தோம். அது எங்கள் முடிவு. வேறு ஒருத்தி இரத்தச் சோதனை செய்து நிம்மதி தேடினால் அதுவும் நியாயம்தான்.

28ஆம் வாரத்தில் மறுபடி பார்த்தபோது நீர்க்கட்டி இருந்த இடமே தெரியவில்லை.

என் கதையை வைத்து உங்கள் பிள்ளைக்கும் ஒன்றுமில்லை என்று முடிவு கட்டாதீர்கள். நீர்க்கட்டியோடு இன்னொரு குறையும் எழுதியிருந்தால் அது வேறு கணக்கு, சோதனைகளைத் தள்ளிப் போட வேண்டாம். அது மட்டும் என்றால், வைத்தியரிடம் முதலில் கேட்க வேண்டியது மற்ற உறுப்புகளைப் பற்றித்தான். இருதயத்தை முழுதாகப் பார்த்தீர்களா, கைகள் விரிந்தனவா, பிள்ளை வாரத்துக்கு ஏற்ற வளர்த்தியா என்று கேளுங்கள். உங்கள் வைத்தியர் ஊரில் இல்லையென்றால் காத்துக் கிடக்காதீர்கள். டி சொய்சா, காசல் வீதி ஆகிய அரச மகளிர் வைத்தியசாலைகளில் கர்ப்பிணி கிளினிக் இருக்கிறது, பணம் கேட்க மாட்டார்கள். கிளினிக் அட்டையோடு 12ஆம் வார ஸ்கேன் அறிக்கையையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். எங்கள் வைத்தியர் முதலில் கேட்டது அதைத்தான்.