ஒரே காளை, ஒரே பட்டி: கன்றுகளின் வளர்ச்சி ஏன் மாறுது?

வவுணதீவுப் பட்டி (மட்டக்களப்பு):
நாட்டுப் பசுக்களோடு சாகிவால் (பால் மாட்டினம்) கலப்பு நாம்பன் ஒன்று. அதுக்கு ஒரே கிழமையில் பிறந்த இரண்டு நாகுகள் (ஈனாத இளம் பசுக்கள்), இப்ப ஒரு வயது. நெஞ்சுச் சுற்றளவு 120 சமீ, 104 சமீ. உடல் நீளம் 100, 90. சின்னதுக்கு வளர்ச்சி ஓமோன் ஊசி போடச் சொல்றாங்க. சரிவருமா? குறை பரம்பரையிலயா, தீனியிலயா?

கலப்பின ஆள்:
சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 10,840ஆல் பிரியுங்க. ஏறத்தாழ 133 கிலோவும் 90 கிலோவும் வரும். வித்தியாசம் பெரிசுதான்.

தகப்பன் ஒன்றுதான், ஆனால் காளை தன் பரம்பரையலகில் பாதியைத்தான் கொடுக்கும். எந்தப் பாதி என்பது கன்றுக்குக் கன்று மாறும். ஒரு வயது நிறையில் காணும் வேறுபாட்டில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் பரம்பரையால் வாறது. பால் மறக்கும் வயதில் அதைவிடக் குறைவு, அப்ப தாயின் பால்தான் பெரிய காரணம்.

நாம்பன் எத்தனை வருசமாய் நிக்குது? சின்ன நாகின் தாய் அதுக்கே மகளென்றால் உள்ளினச் சேர்க்கை (நெருங்கிய உறவுக்குள் கலப்பது) 25 வீதம். கன்று சிறுக்கும், நோயும் பிடிக்கும். மகள்கள் பருவத்துக்கு வர முன்னம் நாம்பனை மாற்றுங்க.

ஓமோன் பக்கம்:
ஊசி வேண்டாம். மூளைக்கு அடியிலுள்ள கபச்சுரப்பி விடும் வளர்ச்சி ஓமோன் ஈரலுக்குப் போய், அங்க சுரக்கவைக்கும் ஐஜிஎஃப்-1 என்ற இன்னொரு ஓமோன் வழியாத்தான் பெரும்பாலும் எலும்பும் தசையும் வளரும். பட்டினி மாட்டின் இரத்தத்தில் வளர்ச்சி ஓமோன் குறையிறதில்லை, கூடத்தான் செய்யும். ஈரலில் அதை ஏற்கும் வாங்கிகள் குறைவதால் ஐஜிஎஃப்-1 விழுந்துவிடும். தீனியில்லாமல் ஊசி குத்தி என்ன பயன்?

அமெரிக்காவில் காதில் வைக்கும் எஸ்ட்ரடயோல், ட்ரென்போலோன் என்ற பாலியல் ஓமோன் குளிசைகள் இறைச்சி மாட்டுக்கு. ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்திருக்கு. கன்று ஈனவேண்டிய நாகுக்கு ட்ரென்போலோன் போனால் பருவச் சுற்றே குழம்பும்.

பெரும்போக மேய்ச்சல்:
முதலில் புழு இருக்கா என்று பார்க்கச் சாணியைப் பரிசோதனைக்குக் கொடுங்க. வயல் விதைத்ததும் மாதவணை மேய்ச்சல் தரைப் பக்கம் ஓட்டும் மாடுகள் மாரி ஈரத்தில் புழுவை அள்ளிக்கொண்டு வரும். மயிர் சிலிர்த்து, வயிறு தொங்கி, தாடைக்குக் கீழ வீக்கம் இருந்தால் புழுவாக இருக்க வாய்ப்புக் கூட.

பிறகு சின்னதைத் தனியே கட்டி, கிளிரிசீடியா இலை, தேங்காய்ப் புண்ணாக்கு, தவிடு, தாதுப்பு கொடுங்க. யூரியா வைக்கல் என்றால் 100 கிலோ வைக்கலுக்கு 4 கிலோ யூரியா, 100 லீற்றர் தண்ணீர். காற்றுப் புகாமல் மூடி இரண்டு கிழமை. திறந்ததும் கொடுக்காமல் நெடி போகப் பரப்பி வையுங்க. கரைத்த தண்ணீர் வாளியை மாடு எட்டும் இடத்தில் விட்டால் செத்துப்போகும். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்கு இது ஆகாது.

இரண்டு கிழமைக்கொருக்கா, விடிய, தீனிக்கு முன்னம், முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால நாடாவைப் பிடித்து அளவுங்க. இரண்டு மாதத்தில் பெரியதைவிட வேகமாய் ஏறினால் குறை தீனியில். ஏறாவிட்டால் பரம்பரையிலாக இருக்கலாம், அதைக் காளைக்கு விடாமல் கழித்துவிடுங்க. பெரியதும் உங்கட முதிர்ந்த பசுக்களின் நிறையில் 60 வீதம் தொடும்வரை காளையோட சேரவேண்டாம்.