புதுப்பிப்பு: ஒரே கட்டுரைகள், இரண்டு தளங்கள்

எங்கள் கட்டுரைத் தளம் அடிக்கடி முடங்குவதால் வேறொரு சர்வரில் நகல் வைத்திருக்கிறோம், ஆனால் கூகுளில் நகல்தான் முதலில் வருகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது மூலத் தளமே வருகிறது.

நகல் பக்கங்கள் ஒவ்வொன்றிலும் மூலப் பக்கத்தைச் சுட்டும் கனானிக்கல் இணைப்பை, அதாவது 'இதன் அசல் அங்கே இருக்கிறது' என்று தேடுபொறிக்குச் சொல்லும் வரியைச் சேர்த்தோம். 2009 பிப்ரவரியில் கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் அறிவித்த வழி இது. வெவ்வேறு தளங்களுக்கு இடையிலும் கூகுள் இதை ஏற்கத் தொடங்கியது அதே ஆண்டு டிசம்பரில். கட்டளையாக அல்ல, குறிப்பாகத்தான் எடுத்துக்கொள்ளும். அதனால் பொறுமை வேண்டும்.

நகலை ரோபாட்ஸ் கோப்பில் (எந்தப் பக்கங்களைப் படிக்கக் கூடாது என்று தேடுபொறிக்குச் சொல்லும் கோப்பு) தடுத்துவிடலாம் என்று சிலர் சொன்னீர்கள். கனானிக்கல் வைத்திருந்தால் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தடுத்துவிட்டால் தேடுபொறி பக்கத்தைத் திறந்தே பார்க்காது. உள்ளே இருக்கும் இணைப்பு அதன் கண்ணில் படவே படாது. பிடிஎஃப் கோப்புகளில் இப்படிச் சேர்க்க முடியாது என்பதால், கோப்போடு சேர்த்து சர்வர் அனுப்பும் தகவல் வரிகளில், அதாவது எச்டிடிபி தலைப்பில், அதே இணைப்பைக் கொடுத்தோம்.

அப்புறம், நகலெடுக்க ஆர்சிங்க்தான் (ஒரு சர்வரின் கோப்புகளை இன்னொன்றுக்கு நகலெடுக்கும் நிரல்). மூலத்தில் நீக்கியது நகலிலும் போக 'டிலீட்' தேர்வு தேவை. ஆனால் மூலத்தில் தவறி அழிந்ததும் அப்படியே போய்விடும். அதனால் பேக்கப்பைத் தனியாக வைத்திருக்கிறோம்.